பதினாறு வயதில் எந்த லீக்? ஒன்ராறியோ ஜூனியர் ஹொக்கியின் இரண்டு கதவுகள்

2025 ஓகஸ்ட் 1க்கு முன்பு, ஒன்ராறியோவில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் ஓஎச்எல் (ஒன்ராறியோ ஹொக்கி லீக், மாகாணத்தின் மேல்நிலை ஜூனியர் லீக்) அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரேயொரு கண்காட்சி ஆட்டம் ஆடினாலே போதும், அமெரிக்கப் பல்கலைக்கழக ஹொக்கியின் முதற்பிரிவில் அவனுக்கு இடமில்லை. முகாமுக்குப் போய்ப் பார்க்கலாம். ஆனால் கழகத்தின் செலவில் 48 மணி நேரத்துக்கு மேல் தங்கக்கூடாது. வின்ட்சர் அணிக்காக 2022இல் இரண்டு கண்காட்சி ஆட்டம் ஆடிய ஒருவர் சார்பில் 2024 ஓகஸ்ட்டில் பஃபலோ நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கலானது. அவ்வாண்டு நவம்பர் 7ஆம் திகதி, அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏயின் முதற்பிரிவு மன்றம் வாக்களித்துத் தடையை எடுத்துவிட்டது.

அதன்பிறகு ஐஸ் அரங்குகளில் கேட்கும் பேச்சு ஒன்றுதான்: ஓஎச்எல் கூப்பிட்டால் போகவேண்டியதுதானே, இனி என்ன யோசனை? இது பாதி சரி. கதவில் தொங்கிய பூட்டுத்தான் கழன்றிருக்கிறது. உள்ளே போனபின் நடப்பவை அப்படியே இருக்கின்றன. எத்தனை ஆட்டம், எவ்வளவு பஸ் பயணம், எத்தனை நிமிடம் ஐஸில், பள்ளிக்கூடம் என்ன ஆகிறது என்பதெல்லாம் அறுபது வருடத்துப் பழைய கணக்கு. அது தெரியாமல் ஓஎச்எல்லையும் அதற்கு ஒரு படி கீழேயுள்ள ஜூனியர் ஏயையும் ஒப்பிட்டால் தேவையில்லாத இடத்தில் கவலைப்பட்டு, தேவையான இடத்தில் கோட்டை விடுவோம்.

ஒரு வயிற்றுப் பிள்ளைகள்

இரண்டு லீக்கும் ஒரே சங்கத்திலிருந்து வந்தவை. ஒன்ராறியோ ஹொக்கி சங்கம் 1890இல் தொடங்கியது. 1933இல் அதன் ஜூனியர் பிரிவு ஏ, பி எனப் பிரிந்தது. 1970இல் ஏ மறுபடியும் இரண்டாயிற்று: மேலே மேஜர் ஜூனியர், கீழே இரண்டாம் நிலை. மேஜர் பக்கம் 1974இல் தனி நிர்வாகத்தோடு இயங்கத் தொடங்கி, 1980இல் ஒன்ராறியோ ஹொக்கி லீக் என்ற இன்றைய பெயரை எடுத்துக்கொண்டது. முதலாம் உலகப்போரில் மாண்ட கனேடியப் படையினரின் நினைவாக 1919இல் தொடங்கிய மெமோரியல் கப் 1972 முதல் மேஜர் லீக்குகளின் சொத்து. இரண்டாம் நிலைதான் இன்று ஜூனியர் ஏ என்று வழங்கப்படுகிறது. அதற்கு 1971 முதல் தனியாக ஒரு தேசியக் கிண்ணம் இருக்கிறது.

இவை வெறும் ஆண்டுகள். பிரிவினையின் உண்மையான காரணத்தைக் காண 1961க்குப் போகவேண்டும்.

ரொறன்ரோவில் பாசிலியன் குருமார் நடத்திய சென்ற் மைக்கேல்ஸ் கல்லூரிப் பள்ளிக்கு அன்று ஜூனியர் ஏயில் (அன்று அதுதான் மேல்நிலை) ஓர் அணி இருந்தது. ரெட் கெலி, ரெட் லின்ட்சி, ஃபிராங்க் மஹோவ்லிச், டேவ் கியோன் எல்லாரும் அதில் ஆடியவர்கள். அரங்கில் நாம் கையில் பிடித்திருக்கும் கோப்பிக் கோப்பைக்குப் பெயர் கொடுத்த ரிம் ஹோர்ட்டனும் அந்த அணிக்காரர்தான். 1961இல் அருட்தந்தை டேவிட் பவரின் பயிற்சியில் அணி மெமோரியல் கப்பை வென்றது. வென்ற கையோடு பள்ளி அந்த லீக்கை விட்டு விலகியது. ஆட்டம் கூடிவிட்டது, பயணம் கூடிவிட்டது, பிள்ளைகளுக்குப் படிக்க நேரமில்லை என்பதுதான் காரணம். அடுத்த பருவம் மெற்றோ ரொறன்ரோ லீக்கில் ஆடிப் பார்த்தார்கள். அதுவும் சரிவரவில்லை, அந்தத் தரத்து ஹொக்கிக்கே முழுக்குப் போட்டார்கள். பவர் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்துக்குப் போய், படித்துக்கொண்டே ஆடுகிறவர்களைக் கொண்டு 1964 ஒலிம்பிக்குக்கான கனேடிய அணியைக் கட்டினார்.

தோற்றுப்போன அணி படிப்பைச் சாட்டுச் சொல்லி விலகியிருந்தால் அதைப் பெரிதாக எடுக்கத் தேவையில்லை. நாட்டின் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு விலகினார்கள்.

சென்ற் மைக்கேல்ஸ் என்ற பெயர் 1997இல் ஓஎச்எல்லுக்குத் திரும்பியது. அணி 2007இல் மிசிசாகாவுக்குப் போய், 2012இல் ஸ்டீல்ஹெட்ஸ் என்று பெயர் மாற்றி, 2024இல் பிரம்ரனில் குடியேறியது. அந்த பிரம்ரன் அணியின் தலைவர் போர்ட்டர் மார்ட்டோனை 2025 என்எச்எல் தேர்வில் (வட அமெரிக்காவின் பெரிய தொழில்முறை லீக்கின் கழகங்கள் முறைவைத்து இளம் ஆட்டக்காரரின் உரிமையை எடுக்கும் நிகழ்வு) பிலடெல்பியா ஆறாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. அவர் போனது மிச்சிகன் ஸ்டேற் பல்கலைக்கழகத்துக்கு. அதே கோடையில் மேற்குக் கனடாவின் மேஜர் லீக்கிலிருந்து கவின் மெக்கென்னா பென் ஸ்டேற்றுக்குப் போனார். பூட்டுக் கழன்றதன் பலன் முதலில் கிடைத்தது இப்படிப்பட்ட நட்சத்திரங்களுக்கு. சாதாரணப் பிள்ளையின் நிலைமை வேறு.

மற்ற வேர் பணம். 1960கள் வரை ஜூனியர் அணிகளின் பின்னால் என்எச்எல் கழகங்கள் நின்றன. மார்ல்பரோஸ் ரொறன்ரோவுடையது, பீற்றர்பரோ மொன்றியலுடையது, கிச்சனர் நியூயோர்க் ரேஞ்சர்ஸுடையது. 'சி படிவம்' என்ற ஒரு தாளில் கையெழுத்திட்டால் பையனின் தொழில்முறை உரிமை அந்தக் கழகத்துக்குப் போய்விடும். பின்னாளில் பெரும் நட்சத்திரமான பொபி ஓர் (Bobby Orr) பொஸ்ரனோடு அப்படிப் பிணைந்தபோது அவருக்கு வயது 14. 1963இல் தொடங்கிய என்எச்எல் தேர்வு இந்த முறையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, 1969 அளவில் முடித்து வைத்தது. படிவம் போயிற்றே தவிர அதன் அமைப்பு போகவில்லை. கழகம் செலவைப் பார்க்கும், சிறு கைச்செலவு தரும்; பையன் ஒப்பந்தம் எழுதுவான்; கழகம் அவனை இன்னோர் ஊருக்கு மாற்றிவிடலாம்.

இதைப் பார்த்துத்தான் என்சிஏஏ 'இவன் தொழில்முறை ஆட்டக்காரன்' என்றது. அதே பையன் குறைந்தபட்ச ஊதியம் கேட்டு 2014இல் வழக்கு வந்தபோது, 'இவன் ஊழியனே அல்ல, மாணவன்' என்று லீக் சொன்னது. 2018இல் ஒன்ராறியோ அரசும் ஓஎச்எல் ஆட்டக்காரரை வேலைத்தரச் சட்டத்திலிருந்து விலக்கியது. எல்லை ஆற்றைத் தாண்டினால் தொழிலாளி, இக்கரையில் மாணவன்!

ஐஸில் எத்தனை நிமிடம்

ஓஎச்எல்லில் 20 அணிகள். 17 ஒன்ராறியோவில், இரண்டு மிச்சிகனில், ஒன்று பென்சில்வேனியாவில். பருவத்துக்கு 68 ஆட்டம், பிறகு கிண்ணச் சுற்று. வயது 16 முதல் 20 வரை. 20 வயதுக்காரர் ஓர் அணிக்கு மூன்று பேர். பதினாறு வயதாகும் ஆண்டில் 15 சுற்றுத் தேர்வு நடக்கிறது. அதாவது ஏறக்குறைய 300 பெயர்கள். அந்த வருடமே அணியில் நிலையாக இடம்பிடிக்கிறவர்கள் அதில் சிறு பகுதி. (ஒரு வருடம் முன்னதாகவே விதிவிலக்குக் கொடுத்து உள்ளே எடுக்கும் வழி 2005இல் ஜோன் தவாரெஸோடு தொடங்கியது. கொனர் மெக்டேவிட் போன்ற ஓரிருவருக்கானது அது, ஒப்பீட்டுக்கு உதவாது.)

ஓர் ஆட்டத்துக்கு 18 ஆட்டக்காரரும் இரண்டு கோலிகளும் (கோல் காப்பாளர்) உடுப்புப் போடுவார்கள். வழக்கமாகப் பன்னிரண்டு முன்கள ஆட்டக்காரர், அதாவது நான்கு வரிசை. தற்காப்பில் மூன்று சோடி. பதினாறு வயதுக்காரன் நான்காம் வரிசையில் நின்றால் அறுபது நிமிட ஆட்டத்தில் ஏழெட்டு நிமிடம் கிடைக்கும். பவர் பிளேயில் (எதிரணியில் தண்டனையால் ஆள் குறைந்திருக்கும் நேரம்) அவனை இறக்கமாட்டார்கள். அணி ஒரு கோல் பின்தங்கினால் மூன்றாம் பகுதி முழுக்கப் பலகையில் குந்தியிருப்பான். சில இரவுகளில் உடுப்பே கிடையாது. கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு மேலே இருந்து பார்க்கவேண்டும். அதே பையன் ஒன்ராறியோ ஜூனியர் ஏயில் முதல் இரண்டு வரிசையில் நின்று பதினெட்டு, இருபது நிமிடம் ஆடுவான். பவர் பிளேயும் அவனுக்குத்தான், கடைசி நிமிடத்து முகத்தொடுப்பும் (நடுவர் பக் என்ற தட்டைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்குவது) அவனுக்குத்தான்.

எங்கள் பார்வையில் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய வேறுபாடு இதுதான். பதினாறிலும் பதினேழிலும் பக்கைத் தொடாமல் கழிந்த இரண்டு பருவத்தை இருபதில் ஈடுசெய்ய முடியாது. 'உயர்ந்த தரத்தில் பயிற்சி செய்கிறானே' என்ற சமாதானம் ஒரு பருவத்துக்குத்தான் செல்லும்.

கோலிகளுக்கு இது இன்னும் கடுமை. இரண்டே இடம், பத்தொன்பது வயது முதற்கோலி ஒருவன் இருந்தால் இளையவனுக்கு மாதத்தில் ஓரிரு ஆட்டம் கிடைத்தாலே பெரிது. கோலிக்கு எங்கள் பதில் பெரும்பாலும் ஜூனியர் ஏதான்.

வியாழன் முதல் திங்கள் வரை

ஓஎச்எல் பையன் தங்குவது பில்லட் குடும்பத்தோடு, அதாவது வீட்டில் இடம் கொடுக்கும் உள்ளூர்க் குடும்பம் ஒன்றோடு. அந்தக் குடும்பத்துக்குக் கழகம் பணம் கொடுக்கும். உள்ளூர் உயர்பள்ளி ஒன்றில் சேர்த்துவிடுவார்கள். கல்வி ஆலோசகர் ஒருவரும் இருப்பார். தாளில் எல்லாம் ஒழுங்குதான்.

இனி ஒரு வார இறுதியைப் பாருங்கள். சூ சென்ற் மரி அணி தெற்கே வரவேண்டும். ரொறன்ரோவுக்கு மட்டும் ஏறக்குறைய 700 கிலோமீற்றர். வியாழன் பள்ளி பாதியில் பஸ் கிளம்பும். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று ஊரில் மூன்று ஆட்டம். ஞாயிறு பின்னேர ஆட்டம் முடிந்து, உடுப்புப் பைகளை ஏற்றி, வழியில் பிட்சா பெட்டியைத் திறந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் திங்கள் விடியற்புறம் ஊர். கொஞ்ச நேரத்தில் முதல் பாடம். கணித ஆசிரியர் வெள்ளி நடத்தியதை யாரும் திரும்ப நடத்தப்போவதில்லை. லண்டன், கிச்சனர், குவெல்ஃப் போன்ற நெருங்கிய ஊர்களின் அணிகளுக்குப் பயணம் குறைவு. ஆகவே 'ஓஎச்எல் எப்படி?' என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்த அணி என்று கேட்கவேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் வழக்கமான பருவம் 34 ஆட்டம் அளவில், பெரும்பாலும் வெள்ளியும் சனியும். மீதி நாள் பயிற்சியும் எடைப் பயிற்சியும் வகுப்பும். உடல் பிந்தி வளரும் பிள்ளைக்கு அது உகந்த அட்டவணை.

கழகங்கள் ஆட்டக்காரரைக் கைமாற்றும் மாற்று வியாபாரத்தையும் கணக்கில் எடுங்கள். மாற்றுக்கான கெடு ஜனவரி முற்பகுதியில். ஒன்ராறியோ உயர்பள்ளியின் முதல் அரையாண்டு முடிவது ஜனவரி இறுதியில். பள்ளிப் பரீட்சைக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கையில் பிள்ளை வேறு நகரத்தில், வேறு பள்ளியில், வேறு வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருப்பான். இதில் எல்லாரும் சாதுவாகப் போய்விடுவதும் இல்லை: 1989இல் சூ சென்ற் மரி தன்னைத் தேர்ந்தெடுத்தும் போகமாட்டேன் என்று எரிக் லின்ட்ரோஸ் மறுத்தார், கடைசியில் ஒஷாவாவுக்குப் போனார். அவ்வளவு திறமை இருப்பவனுக்கு மறுக்கவும் பலம் இருக்கிறது.

காசு

இந்தப் பக்கத்தில் ஓஎச்எல் தெளிவாக முந்துகிறது. கட்டணம் இல்லை. ஸ்கேட், ஸ்டிக், தங்குமிடம், பயணம், பள்ளிச் செலவு கழகத்தின் பொறுப்பு. நல்ல கொம்போசிற் ஸ்டிக் ஒன்று 300 டொலருக்கு மேல், அதுவும் ஒரு மாதத்தில் முறியலாம் என்பதை ட்ரிப்பிள் ஏ (சிறுவர் ஹொக்கியின் மேல்தரம்) பெற்றோருக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

ஒன்ராறியோ ஜூனியர் ஏயில் பெரும்பாலான அணிகள் பெற்றோரிடம் கட்டணம் வாங்குகின்றன. பருவத்துக்குப் பல ஆயிரம் டொலர். தொகை அணிக்கு அணி, சில இடங்களில் ஆளுக்கு ஆள் மாறும். கையெழுத்திடும் முன் எழுத்தில் கேட்கவேண்டியவை: மொத்தக் கட்டணம், பிள்ளையை இடையில் விடுவித்தால் எவ்வளவு திரும்பும், ஸ்டிக் யார் செலவு, வாரத்தில் எத்தனை மணி ஐஸ், தங்கவேண்டி வந்தால் பில்லட் பணம் யார் கொடுப்பது. இரண்டாவது கேள்வியைக் கேட்க மறந்தவர்கள்தான் நவம்பரில் பயிற்றுநரோடு சண்டை பிடிக்கிறார்கள்.

ஓஎச்எல்லில் ஆடும் ஒவ்வொரு பருவத்துக்கும் ஓராண்டுப் பல்கலைக்கழகப் புலமைப்பரிசில் உண்டு. இது உண்மையான பணம். மூன்று நான்கு பருவம் ஆடிவிட்டு ஒன்ராறியோ பல்கலைக்கழக அணிகளில் சேர்ந்து படித்து முடித்தவர்கள் நிறைய. சிக்கல் காலக்கெடுவில் வரும். ஜூனியர் வயது முடிந்தபின் குறித்த காலத்துக்குள் படிப்பைத் தொடங்காவிட்டால் உரிமை போய்விடும். வழக்கமாகச் சொல்லப்படும் கெடு 18 மாதம். சிறு தொழில்முறை லீக்குகளில் 'இன்னொரு பருவம், இன்னொரு பருவம்' என்று அலைபவனின் பரிசில் சத்தமில்லாமல் காலாவதியாகும். எந்தப் பல்கலைக்கழகத்தின் கட்டணத்தை அளவாக வைத்திருக்கிறார்கள், புத்தகமும் விடுதியும் சேருமா, எந்த நாளிலிருந்து கெடு ஓடும் என்பவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

என்சிஏஏயின் புதிய விதியிலும் ஒரு வால் இருக்கிறது. உண்மையான, தேவையான செலவுக்கு மேல் பிள்ளை பணம் வாங்கியிருக்கக்கூடாது. என்எச்எல் ஒப்பந்தம் எழுதியவனுக்கு இன்னும் கதவு மூடித்தான் இருக்கிறது. ஆகவே கைக்குள் வைத்துக் கொடுக்கும் 'சின்ன ஊக்கத்தொகை' எதையும் தொடவேண்டாம். வாங்கிய கைச்செலவுக்குக் கணக்கு வையுங்கள்.

பல்கலைக்கழக இடங்கள் நெருங்கிவிட்டன

முன்பு ஜூனியர் ஏயின் பெரிய வலு அமெரிக்கப் பல்கலைக்கழகம்தான். மேஜர் ஜூனியர் பக்கம் இருந்தவர்கள் வரமுடியாததால் போட்டி குறைவு. மேற்கு மேஜர் லீக்கின் மெடிசின் ஹாட் அணி உரிமையை வைத்திருந்தும் கேல் மக்கார் அல்பேர்ட்டாவின் ஜூனியர் ஏயில் புரூக்ஸ் அணிக்கு ஆடி, 2017 என்எச்எல் தேர்வில் நான்காவது ஆளாகி, பிறகு மாசச்சூசெற்ஸ் பல்கலைக்கழகம் போனார். அதற்கு இரண்டு தலைமுறை முன்பு கென் டிரைடன் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்துவிட்டுத்தான் மொன்றியல் கோலில் நின்று 1971இல் என்எச்எல்லின் ஸ்ரான்லி கப்பை வென்றார். இந்த இருவரையும் காட்டி யாராவது ஜூனியர் ஏயை விற்க வந்தால், இருவருமே அசாதாரணமானவர்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

இன்று அந்த வலு பாதி கரைந்துவிட்டது. ஓஎச்எல்லில் மூன்று பருவம் அடிபட்ட இருபது வயதுக்காரனும் ஜூனியர் ஏயிலிருந்து வரும் பதினெட்டு வயதுக்காரனும் ஒரே இடத்துக்கு நிற்கிறார்கள். பயிற்றுநர் யாரை எடுப்பார் என்று சொல்லவேண்டியதில்லை. ஆட்டக்காரரோடு வருமானத்தைப் பகிரும் என்சிஏஏயின் புதிய ஒழுங்கில் சேர்ந்த பல்கலைக்கழகங்களின் அணியில் 26 பேருக்கு மேல் இருக்கவும் முடியாது. மேற்கில் 2023இல் ஹொக்கி கனடாவை விட்டு வெளியேறித் தனியாக நின்ற பிரிட்டிஷ் கொலம்பியா லீக்கும் இந்த வெயிலில் காய்கிறது. அதன் பெயர்பெற்ற பென்ரிக்ரன் அணி 2025இல் மேற்கு மேஜர் லீக்குக்கே மாறிவிட்டது. அமெரிக்காவின் ஜூனியர் லீக்கான யூஎஸ்எச்எல் நல்ல லீக், கட்டணமும் இல்லை. ஆனால் கனேடியப் பிள்ளைக்கு இடம் குறைவு.

யாருக்கு எது

முதல் இரண்டு சுற்றில் தேர்வாகி, பொது முகாமையாளர் 'இந்தப் பருவமே மூன்றாம் வரிசை' என்று வாயால் அல்ல, அணிப் பட்டியலைக் காட்டிச் சொன்னால் ஓஎச்எல். அந்த வரிசையில் யார் வெளியேறுகிறார், யார் இருபது வயது இடத்துக்குத் திரும்புகிறார் என்று எண்ணிப் பாருங்கள். பதில் அந்த எண்ணிக்கையில் இருக்கிறது.

மூன்றாம் சுற்று முதல் ஏழெட்டாம் சுற்று வரை என்றால் ஒரு வருடம் ஜூனியர் ஏ அல்லது பதினெட்டு வயதுக்குட்பட்ட ட்ரிப்பிள் ஏ, பிறகு பதினேழில் ஓஎச்எல். உரிமை அந்தக் கழகத்திடமே இருக்கும். ஒரு வருடம் பிந்தியதற்காக அவர்கள் பெயரை வெட்டிவிடுவதில்லை. இந்தப் பொறுமைக்கு முன்பு பெரிய விலை இருந்தது, ஏனென்றால் ஏதோ ஒரு பக்கத்துக்குச் சத்தியம் செய்யவேண்டியிருந்தது. இன்று விலை குறைவு. பன்னிரண்டாம் சுற்றில் பெயர் வந்ததென்று வீட்டில் கேக் வெட்டலாம். அதை நம்பிப் பள்ளி மாற்றக்கூடாது.

ஓஎச்எல் ஒப்பந்தத்தைப் பற்றி வீடே விழித்திருந்து பேசுவார்கள். பதினோராம் வகுப்புப் பாடத் தெரிவுத் தாளை பிள்ளை தானே நிரப்பிக் கொடுத்துவிடுவான். இன்று திருத்தமுடியாத தாள் அந்த இரண்டாவதுதான். என்சிஏஏ முதற்பிரிவுக்கு 16 மையப் பாடங்கள் வேண்டும்: ஆங்கிலம் 4, கணிதம் 3, அறிவியல் 2, இவற்றில் மேலும் 1, சமூக அறிவியல் 2, மற்றவை 4. சராசரி 4.0க்கு 2.3. இவற்றில் 10 பாடம் பன்னிரண்டாம் வகுப்புத் தொடங்குமுன் முடிந்திருக்கவேண்டும்; அவற்றில் 7 ஆங்கிலம், கணிதம், அறிவியலாக இருக்கவேண்டும். அந்தப் பத்தைத் திரும்ப எடுத்துப் புள்ளியைக் கூட்ட முடியாது.

ஒன்ராறியோப் பாடக் குறியீட்டின் ஐந்தாவது எழுத்தைப் பாருங்கள். 'யூ' பல்கலைக்கழகத்துக்கானது, 'எம்' கலப்பு, 'சி' கல்லூரிக்கானது, 'இ' வேலைக்கானது, 'ஓ' பொது. யூவும் எம்மும் எடுத்தால் இரண்டு பக்கமும் உதவும், ஏனென்றால் ஒன்ராறியோப் பல்கலைக்கழகங்களும் பன்னிரண்டில் இப்படி ஆறு பாடம் கேட்கின்றன. பயணம் அதிகம், சுமை வேண்டாம் என்று நல்ல மனதோடு யாராவது பதினோராம் வகுப்புக் கணிதத்தை 'சி'க்கு மாற்றினால், என்சிஏஏ கணக்கில் ஒரு பாடம் குறையும். கோடைக்கால இணையப் பாடங்களிலும் கவனம் வேண்டும்: ஆசிரியரோடு நேரடித் தொடர்பும் குறித்த காலவரையும் இல்லாத பாடத்தை என்சிஏஏ ஏற்பதில்லை. ஐந்தாவது வருடம் பள்ளியில் தங்கிச் சரிக்கட்டலாம் என்பதும் நடக்காது. ஒன்பதாம் வகுப்பில் தொடங்கிய கடிகாரம் நான்கு வருடத்தில் நிற்கும். உரிய நேரத்தில் பள்ளியை முடித்தவனுக்கு மட்டும் பிறகு ஒரேயொரு பாடம் சேர்க்க இடம் உண்டு.